தொல்லை விலங்கு வேட்டைக்கான ஒற்றைத்தோட்டா ரைபிள்

ஒற்றைத்தோட்டா ரைபிள் என்பது ஒரு முறைக்கு ஒரே ஒரு தோட்டாவைக் கையால் இட்டுச் சுடும் வகையில் அமைந்த, குழலின் உட்புறத்தில் சுழல்வரிகள் வெட்டப்பட்ட துப்பாக்கி ஆகும். இதில் தோட்டாக்களைச் சேமித்து வைக்கும் மேகசின் கிடையாது. ஐக்கிய அமெரிக்காவில் பயிர்களுக்கும் மேய்ச்சல் நிலங்களுக்கும் கால்நடைகளுக்கும் தீங்கு செய்வனவாகக் கருதப்படும் சிறு விலங்குகளை வேட்டையாட இவ்வகை ரைபிள்கள் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பயன்பட்டு வருகின்றன. அடுத்தடுத்துச் சுடும் துப்பாக்கிகள் எளிதாகக் கிடைக்கும் இக்காலத்திலும் இவை வழக்கொழியவில்லை.

இவ்வேட்டையில் இலக்கு சிறியது. தொலைவு பெரும்பாலும் அதிகம். முதற்குண்டு பிழைத்தால் இரண்டாவது குண்டுக்கு வாய்ப்பு அரிது. காயம்பட்ட விலங்கு வளைக்குள் சென்று மெல்ல இறக்கும். ஆகவே எந்த விலங்கு, எவ்வளவு தொலைவு, எந்தத் தோட்டா, எந்த இயக்க அமைப்பு என்னும் வரிசையில் தேர்வு செய்வது முறையாகும். துப்பாக்கியை முதலில் வாங்கிவிட்டுப் பின்னர் அதற்கேற்ற பயனைத் தேடுவது இவ்வரிசையைத் தலைகீழாக்குவதாகும்.

== சொற்பொருள் ==

இத்தகைய விலங்குகளை அமெரிக்கப் பேச்சு வழக்கில் "வார்மின்ட்" என்பர். இது "வெர்மின்" என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. அச்சொல் புழுவைக் குறிக்கும் "வெர்மிஸ்" என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இக்கட்டுரையில் "தொல்லை விலங்கு" என்னும் தொடர் இப்பொருளில் ஆளப்படுகிறது. இது உயிரியல் வகைப்பாடு அன்று. மனிதர் தம் பொருளாதார நோக்கில் இட்ட பெயரே ஆகும்.

== வேட்டையாடப்படும் விலங்குகள் ==

* '''வுட்சக்''' - கிழக்கு மாநிலங்களில் வாழும் மர்மொட் இனம். எடை 2 முதல் 6 கிலோகிராம். சோயா, குதிரைமசால் போன்ற பயிர்களைத் தின்னும். இதன் வளைகள் கட்டட அடித்தளங்களையும் உழவு இயந்திரங்களையும் பாதிக்கும்.
* '''பிரேரி நாய்''' - நாய் அன்று. அணில் குடும்பத்தைச் சேர்ந்த கொறிவிலங்கு. நடுவண் சமவெளிகளில் கூட்டமாக வளை தோண்டி வாழும். கருவால் பிரேரி நாயின் எடை பெரும்பாலும் 0.7 முதல் 1.4 கிலோகிராம்.
* '''நில அணில்கள்''' - மான்டானா, ஐடகோ, கலிபோர்னியா முதலிய மாநிலங்களில் காணப்படும் பல இனங்கள். பெரும்பாலானவை அரைக் கிலோகிராம் அளவினவே.
* '''கோயோட்டி''' - நரியை ஒத்த ஊனுண்ணி. எடை 9 முதல் 20 கிலோகிராம். ஆட்டுக்குட்டிகளையும் கன்றுகளையும் கொல்லும்.

ஒவ்வொன்றின் சட்டநிலையும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். யூட்டா பிரேரி நாய் 1973 முதல் நடுவண் அரசின் பாதுகாப்பில் உள்ளது. அதை வேட்டையாடுதல் கருவால் பிரேரி நாயை வேட்டையாடுதல் போன்றதன்று. காகங்கள் 1972 முதல் புலம்பெயர் பறவைகள் உடன்படிக்கையின் கீழ் வந்தன. அவற்றைச் சுடப் பருவக் கட்டுப்பாடு உண்டு. எனவே இனத்தைச் சரியாக இனங்காணுதலே தேர்வின் முதற்படி.

== வரலாறு ==

பின்வாயில் தோட்டா இடும் ஒற்றைத்தோட்டா ரைபிள்கள் 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வளர்ந்தன. கிறிஸ்டியன் சார்ப்ஸ் 1848 இல் தமது வடிவமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தின் படைகள் 1871 இல் மார்ட்டினி-ஹென்றி ரைபிளை ஏற்றுக்கொண்டன. இசுக்காட்லாந்தின் ஜான் ஃபார்குவார்சன் 1872 இல் காப்புரிமை பெற்ற வடிவமைப்பு, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் அமெரிக்காவில் உருவான ரூகர் நம்பர் 1 ரைபிளுக்கு முன்மாதிரியாக அமைந்தது.

யூட்டாவைச் சேர்ந்த ஜான் மோசஸ் பிரவுனிங் 1879 இல் தமது முதற் காப்புரிமையை ஓர் ஒற்றைத்தோட்டா ரைபிளுக்குப் பெற்றார். அவ்வுரிமையை வின்செஸ்டர் நிறுவனம் 1883 இல் வாங்கி, மாதிரி 1885 என்னும் பெயரில் வெளியிட்டது. சிறு தோட்டாக்களுக்கு "லோ வால்" என்னும் தாழ்சுவர் வடிவமும், வலிமையான தோட்டாக்களுக்கு "ஹை வால்" என்னும் உயர்சுவர் வடிவமும் இருந்தன. இதன் உற்பத்தி 1920 அளவில் நின்றது.

1920களில் இசுப்பிரிங்ஃபீல்ட் படைக்கலச் சாலையைச் சார்ந்திருந்த குரோவ்னர் வாட்கின்ஸ், டவுன்சென்ட் வீலன் முதலியோர், 1885 இல் வெளிவந்த .22 டபிள்யூசிஎஃப் என்னும் பழைய தோட்டாவைப் புகையற்ற வெடிமருந்துக்கு ஏற்ப மாற்றினர். இதன் விளைவே .22 ஹார்னெட். வின்செஸ்டர் 1930 இல் இத்தோட்டாவை விற்பனைக்குக் கொணர்ந்தது. அப்பொழுது இதற்கெனத் தொழிற்சாலையில் செய்த ரைபிள் எதுவும் இருக்கவில்லை. எனவே துப்பாக்கிக் கம்மியர் பழைய ரைபிள்களுக்குப் புதிய குழல் பொருத்தித் தந்தனர். உயர்சுவர் வடிவ மாதிரி 1885 இதற்கு மிகவும் நாடப்பட்டது.

பின்னர் 1935 இல் .220 சுவிஃப்ட், 1950 இல் .222 ரெமிங்டன், 1960களின் நடுவில் .223 ரெமிங்டனும் .22-250 ரெமிங்டனும் வெளிவந்தன. உருண்டு பூட்டும் போல்ட் ரைபிள்கள் சந்தையைக் கைப்பற்றியிருந்த 1967 இல் வில்லியம் ரூகரின் நிறுவனம் நம்பர் 1 ரைபிளை வெளியிட்டது. பழைமையானது என ஒதுக்கப்பட்டிருந்த அமைப்புக்கு இதனால் மறுவாழ்வு கிட்டியது. பிரவுனிங் நிறுவனம் 1973 இல் பி-78 என்னும் பெயரிலும், 1985 இல் மாதிரி 1885 என்னும் பெயரிலும் பழைய வடிவமைப்பை மீண்டும் கொணர்ந்தது. இவை சப்பானின் மிரோக்கு ஆலையில் செய்யப்பட்டன.

== இயக்க வகைகள் ==

=== இறங்கு கட்டை வகை ===

விசைக் காப்பாக அமைந்த நெம்புகோலைக் கீழே தள்ளினால், குழலின் பின்வாயை அடைத்திருக்கும் எஃகுக் கட்டை செங்குத்தாக இறங்கும். தோட்டாவை இட்டு நெம்புகோலை மேலேற்றினால் கட்டை எழுந்து பின்வாயை அடைக்கும். வின்செஸ்டர் 1885, ரூகர் நம்பர் 1 ஆகியவை இவ்வகையின. அழுத்தத்தைத் தாங்கும் கட்டை முழுமையான எஃகுத் துண்டாக இருப்பதால் வலிமை மிகுதி. துப்பாக்கிக் கட்டை முன், பின் என இரண்டாகப் பிரிந்திருப்பது இதன் குறை. முன்கட்டை குழலை அழுத்தும் விதம் மாறினால் குண்டு விழும் இடமும் மாறும்.

=== முறிவகை ===

குழல் ஒரு கீலில் மடிந்து திறக்கும். அமைப்பு எளிது; விலையும் குறைவு. ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன் நிறுவனத்தின் ஹாண்டி ரைபிள் இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. அதன் உற்பத்தி 2015 இல் நின்றது. தாம்சன்/சென்டர் நிறுவனம் 1967 இல் வெளியிட்ட கன்டென்டர் கைத்துப்பாக்கியும் அதிலிருந்து வளர்ந்த ரைபிள்களும், ஒரே உடலில் பல குழல்களை மாற்றிப் பொருத்த இடந்தந்தன. ஒருவர் ஒரு குழலை நில அணிலுக்கும் மற்றொன்றைக் கோயோட்டிக்கும் வைத்துக்கொள்ளலாம்.

=== உருள் கட்டை வகையும் மார்ட்டினி வகையும் ===

ரெமிங்டனின் உருள் கட்டை வகையில் பின்வாய்க் கட்டை ஓர் அச்சில் பின்னோக்கி உருண்டு திறக்கும். மார்ட்டினி வகையில் கட்டையின் முன்முனை தாழ்ந்து திறக்கும். சிறு மார்ட்டினி ரைபிள்கள் .22 ஹார்னெட் போன்ற தோட்டாக்களுக்கு மாற்றியமைக்கப்பட்டுள்ளன.

=== போல்ட் வகை ===

மேகசின் இல்லாத போல்ட் ரைபிள்களும் உண்டு. மேகசினுக்காக அடிப்புறத்தில் துளை வெட்டப்படாமையால் உடல் வளையாத விறைப்புடன் அமையும். எனவே துல்லியமே முதன்மையான இலக்குச் சுடும் போட்டிகளில் இவ்வகை விரும்பப்படுகிறது. தோட்டாவைத் தள்ளிப் பொருத்தவும் பிடுங்கி எடுக்கவும் போல்ட்டின் சுழற்சி ஆற்றல் தருகிறது.

== நன்மைகளும் குறைகளும் ==

மேகசினும் பின்னோக்கி நகரும் போல்ட்டும் இல்லாமையால், இறங்கு கட்டை ரைபிளும் முறிவகை ரைபிளும் அதே குழல் நீளமுள்ள போல்ட் ரைபிளைவிட ஏறத்தாழ 10 செ.மீ. குட்டையாக இருக்கும். அல்லது, மொத்த நீளம் கூடாமலேயே நீண்ட குழலை வைத்துக்கொள்ளலாம். தோட்டாவின் மொத்த நீளத்துக்கு மேகசின் எல்லை விதிப்பதில்லை. மென்மையான முனையுள்ள குண்டுகள் மேகசினில் மோதி நசுங்குவதும் இல்லை. பின்வாயைத் திறந்தால் தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது ஒரே பார்வையில் தெரியும். வேலி தாண்டும்போதும் வண்டியில் ஏறும்போதும் இது பெரும் பாதுகாப்பு.

இரண்டாவது குண்டு தாமதமாவதே தலையாய குறை. அசையாமல் நிற்கும் வுட்சக்குக்கு இது பொருட்டன்று. ஓசையெழுப்பி அழைக்கப்பட்டு விரைந்து வரும் கோயோட்டிகள் இரண்டு மூன்றாக வரும்போது இது குறையே ஆகும்.

== தோட்டாப் பெயர்களும் அளவுகளும் ==

தோட்டாப் பெயர்களிலுள்ள எண்கள் புதியவரை எளிதில் குழப்பும். .22 ஹார்னெட், .222 ரெமிங்டன், .223 ரெமிங்டன், .22-250 ரெமிங்டன், .220 சுவிஃப்ட் ஆகிய ஐந்தும் இன்று 5.69 மி.மீ. (0.224 அங்குலம்) விட்டமுள்ள ஒரே அளவுக் குண்டையே சுடுகின்றன. உறையின் கொள்ளளவும் அதனால் கிடைக்கும் வேகமுமே இவற்றிடையே உள்ள வேறுபாடு. .22-250 என்பது .250 சாவேஜ் தோட்டாவின் கழுத்தை .22 அளவுக்குக் குறுக்கியதைக் குறிக்கும். ஒன்றுக்குரிய அறையில் மற்றொன்றை இடுதல் கூடாது.

பரவலான தோட்டாக்கள் சில கீழே தரப்பட்டுள்ளன. வேகமும் ஆற்றலும் குழல்வாயில் அளக்கப்படுபவை. குழலின் நீளத்தையும் தயாரிப்பையும் பொறுத்து மாறும். கடைசி நிரல், அமைதியான காற்றில் பயிற்சி பெற்றவருக்குப் பொருந்தும் தோராய எல்லை மட்டுமே.

| தோட்டா | ஆண்டு | குண்டின் எடை (கிராம்) | வேகம் (மீ/நொடி) | ஆற்றல் (ஜூல்) | எல்லை (மீட்டர்) |
|---|---|---|---|---|---|
| .22 லாங் ரைபிள் | 1887 | 2.6 | 380 | 190 | 60 |
| .22 வின்செஸ்டர் மேக்னம் | 1959 | 2.6 | 575 | 430 | 100 |
| .17 எச்எம்ஆர் | 2002 | 1.1 | 777 | 330 | 130 |
| .22 ஹார்னெட் | 1930 | 2.9 | 820 | 980 | 150 |
| .222 ரெமிங்டன் | 1950 | 3.2 | 957 | 1,480 | 220 |
| .223 ரெமிங்டன் | 1964 | 3.6 | 988 | 1,740 | 250 |
| .204 ரூகர் | 2004 | 2.1 | 1,288 | 1,720 | 300 |
| .22-250 ரெமிங்டன் | 1965 | 3.6 | 1,122 | 2,240 | 300 |

முதல் மூன்றும் விளிம்பில் எரியூட்டும் தோட்டாக்கள். இவற்றின் உறையை மீண்டும் நிரப்ப இயலாது. விலை ஒப்பளவில் குறைவு. ஏனையவை நடுவில் எரியூட்டுபவை. வெற்று உறையில் புதிய எரியூட்டி, வெடிமருந்து, குண்டு ஆகியவற்றை இட்டு மீண்டும் பயன்படுத்தலாம்.

== தொலைவு, துல்லியம், காற்று ==

=== துல்லியம் ===

ரைபிளின் துல்லியம் கோண அளவில் கூறப்படுகிறது. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை. ஒரு கலை என்பது 100 மீட்டரில் 2.9 செ.மீ., 200 மீட்டரில் 5.8 செ.மீ., 300 மீட்டரில் 8.7 செ.மீ. ஆகும். பிரேரி நாயின் உயிர்நிலைப் பகுதியின் அகலம் 6 அல்லது 7 செ.மீ. எனக் கொண்டால், ஒரு கலைத் துல்லியமுள்ள ரைபிள் 200 மீட்டருக்கு மேல் அவ்விலங்குக்குப் போதாது. அதே ரைபிள் 300 மீட்டரில் கோயோட்டிக்குப் போதும். எனவே "இந்த ரைபிள் எவ்வளவு தொலைவு சுடும்?" என்னும் வினாவுக்கு விலங்கைக் குறிப்பிடாமல் விடை கூற இயலாது.

=== வீழ்ச்சி ===

புவியீர்ப்பினால் குண்டு வீழும் அளவு, அது பறக்கும் நேரத்தைப் பொறுத்தது. 274 மீட்டரைக் (300 கெசம்) கடக்க .22-250 தோட்டாவின் குண்டு ஏறத்தாழ 0.31 நொடியும், .22 ஹார்னெட்டின் குண்டு ஏறத்தாழ 0.52 நொடியும் எடுக்கின்றன. வீழ்ச்சி நேரத்தின் இருமடிக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் இருப்பதால், பின்னது முன்னதைவிட இரண்டரை மடங்குக்கு மேல் வீழும். எனினும் தொலைவு தெரிந்தால் வீழ்ச்சியை முன்கூட்டியே கணிக்கலாம். லேசர் தொலைவுமானி பரவிய பின்னர் இது பெரும் இடராக இல்லை.

=== காற்று ===

கணிக்க அரியது காற்றே. பக்கக் காற்றினால் குண்டு விலகும் அளவைப் பின்வரும் எளிய உறவு தருகிறது:

: விலகல் = காற்றின் வேகம் × (உண்மையில் பறந்த நேரம் − காற்றுத்தடை இல்லாவிடில் பறந்திருக்கும் நேரம்)

மணிக்கு 16 கி.மீ. வேகமுள்ள பக்கக் காற்றில், 183 மீட்டரில் (200 கெசம்) .17 எச்எம்ஆர் ஏறத்தாழ 37 செ.மீ., .22 ஹார்னெட் 33 செ.மீ., .223 ரெமிங்டன் 15 செ.மீ., .22-250 ரெமிங்டன் 13 செ.மீ. விலகும்.

முழு விலகலைவிட முதன்மையானது, காற்றை மதிப்பிடுவதில் நேரும் பிழை. தேர்ந்தவரும் மணிக்கு 5 கி.மீ. அளவு தவறாக மதிப்பிடக்கூடும். அப்பிழையால் 183 மீட்டரில் ஹார்னெட் குண்டு 10 செ.மீ. தள்ளி விழும்; பிரேரி நாயின் உயிர்நிலையில் படாது. .223 குண்டு 5 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாகவும் .22-250 குண்டு 4 செ.மீ. அளவிலும் விலகும். இவையும் உயிர்நிலையின் ஓரத்துக்குச் சற்று வெளியே விழக்கூடும். ஆனால் 91 மீட்டரில் அதே பிழை ஹார்னெட் குண்டை 2 செ.மீ. மட்டுமே விலக்கும். ஒரு தோட்டாவின் உண்மையான எல்லையைத் தீர்மானிப்பது அதன் ஆற்றல் அன்று. சுடுபவரின் காற்று மதிப்பீட்டுப் பிழையே.

== ஒற்றைத்தோட்டா ரைபிளுக்குரிய தனிக் கூறுகள் ==

=== உறையின் விளிம்பு ===

தோட்டா உறைகளில் இரு வகை உண்டு. அடிப்புறத்தில் உடலைவிட அகன்ற விளிம்புள்ளவை ஒரு வகை. உடலின் அகலமே கொண்டு, பிடிப்பதற்கு ஒரு பள்ளம் மட்டும் உள்ளவை மற்றொரு வகை. .22 ஹார்னெட் முதல் வகை; .223 உம் .22-250 உம் இரண்டாம் வகை. விளிம்புள்ள உறையை முறிவகை ரைபிளின் எளிய வெளித்தள்ளி உறுதியாகப் பற்றும். விளிம்பற்ற உறைக்கு வில்லுடன் கூடிய சிறு கொக்கி தேவை. அழுக்குப் படிந்தால் அது நழுவக்கூடும்.

மேலும் போல்ட் ரைபிளைப் போல உறையைப் பிடுங்கும் வலிமை இறங்கு கட்டை, முறிவகை அமைப்புகளில் குறைவு. வெடிமருந்தை மிகுதியாக இட்டு நிரப்பிய தோட்டா அறையில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது கடினம். ஆகவே இவ்வகைகளில் மிதமான அழுத்தமே நன்று. முறிவகை ரைபிளுக்கு ஹார்னெட் இன்றும் பரிந்துரைக்கப்படுவதன் காரணம் பழைமைப் பற்று மட்டுமன்று.

=== அழுத்தம் ===

.22 லாங் ரைபிளின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 24,000 பவுண்டு; .223 ரெமிங்டனுக்கு 55,000; .22-250 ரெமிங்டனுக்கு 65,000. ரூகர் நம்பர் 1 போன்ற தற்கால இறங்கு கட்டை ரைபிள்கள் இவை அனைத்தையும் தாங்கும். கரும்பொடிக் காலத்து எஃகில் செய்த ரைபிள்கள் தாங்கா. 19 ஆம் நூற்றாண்டின் தாழ்சுவர் ரைபிளுக்குப் புதிய குழல் பொருத்துவதால் அதன் உடல் புதியதாகிவிடாது. அத்தகைய ரைபிளை அறிந்த கம்மியரிடம் ஆய்வு செய்த பின்னரே பயன்படுத்த வேண்டும். பழைய ஹார்னெட் குழல்கள் சில 0.223 அங்குலக் குண்டுக்கு வெட்டப்பட்டவை என்பதையும் கருத வேண்டும்.

=== சுழற்சி வீதம் ===

குழலின் வரிகள் குண்டைச் சுழற்றி நிலைநிறுத்துகின்றன. ஒரு முழுச் சுற்றுக்குத் தேவையான குழல் நீளமே சுழற்சி வீதம். ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஆல்பிரட் ஜார்ஜ் கிரீன்ஹில் 1879 இல் தந்த வாய்பாட்டின்படி, இந்நீளம் ஏறத்தாழ 150 × விட்டத்தின் இருமடி ÷ குண்டின் நீளம் ஆகும். 5.69 மி.மீ. விட்டமும் 12.7 மி.மீ. நீளமும் உள்ள குட்டையான குண்டுக்கு 382 மி.மீ. (15 அங்குலம்) கிடைக்கிறது. ஹார்னெட் குழல்கள் மரபாக 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று என வெட்டப்படுவது இதனோடு ஒத்துப்போகிறது. 22.9 மி.மீ. நீளக் குண்டுக்கு 212 மி.மீ. (ஏறத்தாழ 8 அங்குலம்) தேவை.

.223 ரைபிள்கள் 12 அங்குலம் முதல் 7 அங்குலம் வரை பல வீதங்களில் விற்கப்படுகின்றன. எந்தக் குண்டைச் சுடப்போகிறோம் என்பதை முடிவு செய்த பின்னரே குழலைத் தேர்வு செய்ய வேண்டும்.

=== குழல் தேய்மானம் ===

ஒரே விட்டமுள்ள குழலில் எரியும் வெடிமருந்தின் அளவு கூடக்கூடத் தொண்டைப்பகுதி விரைவில் அரிக்கப்படும். ஹார்னெட் ஏறத்தாழ 0.7 கிராமும், .223 ஏறத்தாழ 1.6 கிராமும், .22-250 ஏறத்தாழ 2.3 கிராமும் எரிக்கின்றன. பிரேரி நாய்க் குடியிருப்பில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான தோட்டாக்கள் சுடப்படுவதுண்டு. சூடேறிய குழலில் .22-250 தோட்டாவைத் தொடர்ந்து சுட்டால் குழல் விரைவில் கெடும். ஒவ்வொரு தோட்டாவையும் கையால் இடவேண்டியிருப்பதால் ஒற்றைத்தோட்டா ரைபிளில் குழல் ஓரளவு குளிர நேரம் கிடைக்கிறது. குறையாகத் தோன்றுவது இங்கே நன்மையாகிறது.

== பாதுகாப்பு ==

இவ்வேட்டை பெரும்பாலும் பண்ணைகளுக்கு அருகில் நடைபெறுகிறது. .22 லாங் ரைபிளின் மெதுவான, திண்மையான ஈயக்குண்டு கல்லிலோ கெட்டித் தரையிலோ பட்டுத் தெறித்துச் செல்லக்கூடும்; உயர்த்திச் சுட்டால் ஏறத்தாழ 2 கி.மீ. தொலைவுக்கும் செல்லும். மெல்லிய உறையுடன் தொல்லை விலங்கு வேட்டைக்கெனச் செய்த வேகமான குண்டுகள் தரையில் பட்டவுடன் பெரும்பாலும் சிதறிவிடும். எனவே தெறிக்கும் ஆபத்து குறைவு. ஆற்றல் குறைந்த தோட்டாவே பாதுகாப்பானது என்னும் பொதுக்கருத்து இதனால் முழுமையாக உண்மையாகாது. எனினும் எந்தக் குண்டுக்கும் இலக்கின் பின்புறம் மண்மேடு இருத்தல் வேண்டும். வானத்தைப் பின்னணியாகக் கொண்டு மேட்டில் நிற்கும் விலங்கைச் சுடலாகாது.

ஓசையும் கருதத்தக்கது. வீடுகளுக்கு அருகில் .22-250 தோட்டாவின் வெடியோசை அண்டை அயலாரின் எதிர்ப்பைத் தேடித்தரும். நில உரிமையாளரின் இசைவு தொடர்வதற்கு ஹார்னெட் போன்ற மெல்லோசைத் தோட்டா துணைபுரியும். சுட்ட கொறிவிலங்குகளை வெறுங்கையால் தொடுதல் கூடாது. பிரேரி நாய்களின் தெள்ளுப்பூச்சிகள் கொள்ளைநோயைப் பரப்பக்கூடியவை.

== சூழலியல் ==

சுடப்பட்டு வயலில் விடப்படும் உடல்களைக் கழுகுகளும் பருந்துகளும் பிணந்தின்னிக் கழுகுகளும் உண்கின்றன. சிதறும் ஈயக்குண்டின் நுண்துகள்கள் அவ்வுடல்களில் தங்குவதால் இப்பறவைகள் ஈய நஞ்சுக்கு ஆளாகின்றன. விலங்கை உடனே கொல்வதற்கும் தெறிப்பைத் தவிர்ப்பதற்கும் உதவும் அதே சிதறல், பறவைகளுக்குக் கேடாகிறது. 1987 இல் உலகில் 27 மட்டுமே எஞ்சியிருந்த கலிபோர்னியா கொண்டோர், இனப்பெருக்கத் திட்டத்தின் மூலம் மீண்டும் காட்டில் விடப்பட்ட பின்னர், ஈய நஞ்சே அதன் இறப்புக்கு முதன்மையான காரணமாக இருந்து வருகிறது. கலிபோர்னியா மாநிலம் 2013 இல் இயற்றிய சட்டத்தின்படி, 2019 சூலை 1 முதல் எந்தக் காட்டுயிரை வேட்டையாடவும் ஈயமற்ற குண்டுகளையே பயன்படுத்த வேண்டும்.

இது ரைபிள் தேர்வையும் பாதிக்கிறது. செம்பின் அடர்த்தி 8.96, ஈயத்தின் அடர்த்தி 11.34. அதே எடையுள்ள செம்புக்குண்டு நீளமாக இருக்கும். நீண்ட குண்டுக்கு விரைவான சுழற்சி வேண்டும். 14 அங்குலச் சுழற்சியுள்ள பழைய .22-250 குழலில் ஈயக்குண்டுக்கு மாற்றாக அதே எடைச் செம்புக்குண்டு நிலைபெறாமல் போகலாம். எடை குறைந்த குண்டையே நாட வேண்டியிருக்கும்.

"தொல்லை" என்னும் பெயர் ஒரு விலங்கின் சூழலியல் பங்கை மறைத்துவிடக்கூடும். அற்றுப்போனதாகக் கருதப்பட்டு, 1981 இல் வயோமிங்கின் மீட்டீட்சி அருகே மீண்டும் கண்டறியப்பட்ட கருங்கால் ஃபெரட், உணவுக்கும் உறைவிடத்துக்கும் பிரேரி நாய்க் குடியிருப்புகளையே சார்ந்துள்ளது. ஒரு குடியிருப்பை முற்றிலும் அழிப்பது, சேதத்தைக் கட்டுப்படுத்துவதினின்றும் வேறானது.

== தேர்வு முறை: எடுத்துக்காட்டுகள் ==

'''பென்சில்வேனியாவின் சிறு வயல்களில் வுட்சக்:''' வேலிகளும் வீடுகளும் நெருங்கியுள்ளன. தொலைவு 100 மீட்டர் அளவு. .22 ஹார்னெட் தோட்டாவும் முறிவகை அல்லது தாழ்சுவர் ரைபிளும் போதும். ஆற்றல் மிகுந்த தோட்டா இங்கே ஓசையை மட்டுமே கூட்டும்.

'''மான்டானாவின் மேய்ச்சல் நிலங்களில் நில அணில்:''' இலக்குகள் பல. தொலைவு பெரும்பாலும் 100 மீட்டருக்குள். .17 எச்எம்ஆர் பொருந்தும். காற்று வலுக்கும் வேளையில் அதற்கு மேல் சுடாமல் நிறுத்திக்கொள்வதே முறை.

'''தெற்கு டகோட்டாவின் சமவெளிகளில் பிரேரி நாய்:''' காற்று ஓயாது. 200 மீட்டர் வழக்கமான தொலைவு. கனத்த குழலுடைய .223 அல்லது .204 ரைபிள் ஏற்றது. போல்ட் வகையோ இறங்கு கட்டை வகையோ பயன்படுத்தலாம். .22-250 காற்றில் சிறிது மேம்பட்டது. ஆனால் குழல் விரைவில் சூடேறும்.

'''மேற்கு மாநிலங்களில் கோயோட்டி:''' விலங்கு பெரியது, அசைந்துகொண்டிருக்கும், தொலைவை முன்கூட்டி அறிய இயலாது. இறங்கு கட்டை ரைபிளில் .22-250 அல்லது .243 வின்செஸ்டர் பொருந்தும். இரண்டாவது குண்டு தேவைப்படும் என எண்ணுபவருக்கு மேகசினுள்ள ரைபிளே உகந்தது. ஒற்றைத்தோட்டா ரைபிளைப் பரிந்துரைக்க இயலாத இடம் இது.

எந்த ரைபிளாயினும், பயன்படுத்தவிருக்கும் தோட்டாவைக் கொண்டே தாளிலக்கில் 50, 100, 200 மீட்டரில் சுட்டுப் பார்த்து, பத்தில் ஒன்பது குண்டுகள் விலங்கின் உயிர்நிலை அளவுள்ள வட்டத்துக்குள் விழும் தொலைவைக் கண்டறிய வேண்டும். அதுவே அந்த ரைபிளுக்கும் அதைச் சுடுபவருக்கும் உரிய எல்லை. தோட்டாப் பெட்டியில் அச்சிட்ட எண்கள் அவ்வெல்லையை நீட்டிப்பதில்லை.

== இவற்றையும் பார்க்கவும் ==

* துப்பாக்கி
* எறிபொருள் இயக்கவியல்
* ஜான் மோசஸ் பிரவுனிங்
* பிரேரி நாய்
* கலிபோர்னியா கொண்டோர்
* ஈய நஞ்சேற்றம்